கணக்கில் உங்கள் தட்டும் இருக்கட்டும்

வாரம் 900 ரூபாயில் நான்கு பேர் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கும் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மற்ற வாசகர்களும் புரிந்துகொள்வதற்காக, உங்களை அடையாளம் காட்டாமல் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 34. சொந்த ஊர் தேனிப் பக்கம். ஆறு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டெய்லராக இருந்த கணவருக்கு விபத்தில் கால் உடைந்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு, ஐந்து மாதத்துக்கு முன்பு பெரியவளானாள். மகன் இரண்டாம் வகுப்பு. இருவரும் அரசுப் பள்ளி. வாடகை, குழுக் கடன், கணவரின் மருந்து எல்லாம் போகச் சாப்பாட்டுக்கு வாரம் 900 ரூபாய் நிற்கிறது. ரேஷன் கார்டு ஊரில் மாமியாரிடம். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருப்பதாகக் கேள்விப்பட்டதால் கடையில் அரிசி வாங்குகிறீர்கள். பள்ளியில் இலவசச் சாப்பாடு சாப்பிடக் கூடாது என்று கணவர் சொல்வதால் பிள்ளைகளுக்கு டப்பா கட்டி அனுப்புகிறீர்கள். மகளுக்கு உளுந்தும் முட்டையும் கொடுக்கச் சொல்லி உறவினர்கள் நச்சரிக்கிறார்கள். "வயிறும் நிறையணும், சத்தும் வேணும், 900 ரூபாயைத் தாண்டவும் கூடாது. என்ன சமைக்கட்டும்?" இதுதான் உங்கள் கேள்வி.

சமையலைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒன்றைப் பேசிவிட வேண்டும். காலையில் டீயும் வர்க்கியும், மதியம் கொண்டுபோன சோறு, இரவில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சம் இருந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் இன்னொரு டீ. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது, முடி கொத்தாகக் கொட்டுகிறது. 900 ரூபாய் எப்படிப் போதுகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது சகோதரி. மூன்று பேருக்குச் செலவு செய்துவிட்டு, நான்காவது ஆளின் பசியால் மிச்சத்தை ஈடுகட்டுகிறீர்கள். அந்த வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள் இப்போது நீங்கள்தான். ஒன்றரை ஷிப்ட் நிற்கிற உடம்பு படுத்துவிட்டால் 900 ரூபாயும் வராது. அதனால் இனி நான் போடும் எல்லாக் கணக்கும் நான்கு தட்டுக்கானது.

முதலில் ஒரு சின்ன வேலை. பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். பரிசோதனை இலவசம். பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சாப்பாட்டை மட்டும் திருத்தி அதைச் சரிசெய்ய நெடுநாள் ஆகும். இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால்தான் நடக்கும். மாத்திரையும் அங்கேயே இலவசமாகத் தருவார்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பிடித்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் உங்களுக்கு மட்டுமல்ல, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மருந்து உண்டு. மருந்துக்கு வெளியே கொடுக்கும் பணம் சாப்பாட்டுப் பக்கம் திரும்பும்.

900 ரூபாய் எங்கே போகிறது

நீங்கள் எழுதியனுப்பிய கணக்கு இது: அரிசி 350, பால் 150, எண்ணெய் 100, காய்கறி 130, மளிகைச் சாமான் 100, பையனுக்கு வாங்கும் சத்துபானப் பொடி 70. பருப்பும் பயறும் அந்த 100 ரூபாய் மளிகைக்குள் எங்கோ ஒளிந்திருக்கின்றன. முட்டை இல்லை, கடலை இல்லை, மீன் இல்லை. பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அரிசிக்கே போகிறது. வயிறு நிறைந்த மாதிரி இருந்தும் பையன் ஒரு மணி நேரத்தில் "பசிக்குது" என்று வந்து நிற்பது இதனால்தான். வெறும் சோறும் தண்ணீரான குழம்பும் சீக்கிரம் கரைந்துவிடும். கூடவே பருப்போ பயறோ முட்டையோ இருந்தால்தான் பசி தாங்கும்.

அந்த 350 ரூபாயை முதலில் மீட்போம். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷனில் அரிசிக்குக் காசு கிடையாது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். திருப்பூரில் இதை வாங்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முடியும். உங்கள் கார்டு ஊர்க் கடையில் பதிந்திருந்தாலும் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் விரல்ரேகை வைத்து வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து அப்படித்தான். கடைக்காரர் "வெளியூர் கார்டுக்கு ஸ்டாக் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், சண்டை போட வேண்டாம். 1967 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு ஒதுக்கீடுதான். அதை இப்போது ஊரில் மாமியார் வாங்குகிறார். தனக்குப் போக மீதியைக் கிலோ எட்டு ரூபாய்க்கு யாரோ ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபப்படாமல் அவரிடம் சொல்லுங்கள்: ரேஷன் அரிசியை விற்பது குற்றம், பிடிபட்டால் வழக்கு வரும், கார்டுக்கே ஆபத்து. எட்டு ரூபாய்க்கு அங்கே விற்ற அரிசியை இங்கே நீங்கள் 50 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள் என்பதை அவர் யோசித்தே இருக்க மாட்டார்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கார்டை அப்படியே வைத்துக்கொண்டு திருப்பூரில் நீங்கள் வாங்குவது, ஊருக்குப் போகிறவர்களிடம் மாமியாருக்கு வேண்டியதைக் கொடுத்தனுப்புவது. இதை அடுத்த மாதமே தொடங்கலாம். ஆனால் வயதானவர் உங்கள் மூட்டையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிவரும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டாவது, பழைய கார்டிலிருந்து நீங்கள் நால்வரும் பெயர் நீக்கிக்கொண்டு, திருப்பூர் முகவரியில் தனிக் கார்டு எடுப்பது. மாமியாருக்கு அவர் கார்டு இருக்கும். ஆள் குறைவதால் அங்கே அரிசி அளவு மட்டும் குறையும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முகவரிச் சான்றும், தனிச் சமையல் நடக்கிறதா என்ற விசாரணையும் இருக்கும். நாள் ஆகும், அதனால் கிடைக்கும்வரை முதல் வழியில் போங்கள்.

தனிக் கார்டில் இன்னொரு பலனும் இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான். அது இப்போது மாமியாருக்குப் போகிறது. கார்டு பிரிந்தபின் விண்ணப்பம் வாங்கும்போது உங்கள் பெயரில் நீங்கள் கேட்கலாம். ஒன்று மட்டும்: மாமியாரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுச் செய்யுங்கள். தனக்குத் தெரியாமல் பெயர் நீக்கினார்கள் என்றால் அந்த மனக்கசப்பு லேசில் ஆறாது.

அந்த "பிளாஸ்டிக்" அரிசி

உங்களைப் போலப் பலர் இதற்குப் பயப்படுவதைப் பார்க்கிறேன். அரிசி கழுவும்போது சில மணிகள் மட்டும் மிதக்கும், கொஞ்சம் வேறு நிறமாக இருக்கும். அவை செறிவூட்டிய அரிசி மணிகள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்து, மறுபடி அரிசி வடிவத்தில் அச்சிட்டு எடுப்பது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருப்பார்கள். நீங்கள் பொறுக்கி எறிந்த அந்த மணிகளில் இருந்தது உங்கள் உடம்புக்கு இப்போது வேண்டிய அதே சத்து. தேய்த்துத் தேய்த்து நாலைந்து தண்ணீர் கழுவாமல், இரண்டு தண்ணீரில் அலசினால் போதும். வாடை வந்தால் அரை மணி நேரம் ஊறவைத்துச் சமையுங்கள். வடித்துச் சமைப்பதென்றால் கஞ்சியைக் கொட்டாதீர்கள். உப்புப் போட்டுக் குடியுங்கள், இல்லையென்றால் ரசத்துக்கு, குழம்புக்கு ஊற்றுங்கள். ரேஷன் புழுங்கல் அரிசி இட்லி, தோசைக்கும் நன்றாக வரும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம்.

பாமாயிலும் அப்படித்தான். அது விஷம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். விஷம் இல்லை. கெட்டக் கொழுப்பு கூடுதல் என்பதால் அளவாகப் பயன்படுத்த வேண்டிய எண்ணெய், அவ்வளவுதான். நான்கு பேருக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் இரண்டு லிட்டர் போதும். ஒரு லிட்டர் பாமாயில், ஒரு லிட்டர் கடலெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதுதான் கெடுதல்.

பள்ளிச் சாப்பாடும் உங்கள் கணவரின் ரோஷமும்

"என் பிள்ளை அநாதையா, ஓசிச் சோறு தின்ன?" என்று உங்கள் கணவர் கேட்கிறார். உழைத்துச் சாப்பிட்ட மனிதர், இப்போது முடங்கிக் கிடக்கிறார். அந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. அவருக்கு நான் சொல்ல விரும்புவது இது. சென்னையில் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் 1920-ல் தொடங்கி, 1956-ல் காமராஜர் காலத்தில் பரவி, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்த சாப்பாடு அது. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் டாக்டராக, வாத்தியாராக, கலெக்டராக இந்த மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். அந்தச் சோற்றுக்கு நீங்களும் வரி கட்டியிருக்கிறீர்கள், நூல் வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும்.

பள்ளியில் வாரம் ஐந்து நாளும் மதியச் சாப்பாட்டோடு முட்டை உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வாரம் பத்து முட்டை! உறவினர்கள் கொடுக்கச் சொன்னதும், உங்களால் வாங்க முடியாமல் தவித்ததும் பள்ளிக்கூடத்தில் காத்திருக்கின்றன. மகன் இரண்டாம் வகுப்பு என்பதால் காலை உணவும் உண்டு. உப்புமா, பொங்கல், கிச்சடி என்று சாம்பாரோடு தருவார்கள். மகளுக்குக் காலை உணவு கிடையாது, அது ஐந்தாம் வகுப்பு வரைதான். அவளுக்குக் காலையில் வீட்டில்தான் கொடுத்தனுப்ப வேண்டும், அதில் கைவைத்துவிடாதீர்கள். பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். பல பெண்பிள்ளைகள் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். சாப்பிட்டாளா என்று கேளுங்கள். பூச்சி மாத்திரையையும் தவறவிட வேண்டாம். வயிற்றில் பூச்சி இருந்தால் கொடுக்கிற சாப்பாடு உடம்பில் ஒட்டாது.

டப்பா கட்டுவது நின்றாலே காலையில் உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

மீட்ட பணத்தில் என்ன வாங்குவது

ரேஷன் அரிசி போக மாதம் பத்துப் பன்னிரண்டு கிலோ வெளியே வாங்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் வாரம் 200 ரூபாய்க்கு மேல் மிச்சம். எண்ணெயில் ஒரு 50. சத்துபானப் பொடியை நிறுத்துங்கள், அதில் 70. அந்தப் பொடியில் பெரும்பகுதி சர்க்கரையும் தானிய மாவும்தான். ஒரு கரண்டியில் பையன் வளர்ந்துவிட மாட்டான். பாலை மட்டும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குகிற பால் முழுவதும் டீக்கே போகிறதென்றால், பாதியை உறை ஊற்றி மோராக்குங்கள்.

கையில் இப்போது 320 ரூபாய். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் முதலில் இவற்றை வாங்கிவிடுங்கள்: பச்சை நிலக்கடலை அரைக் கிலோ, கொள்ளு அரைக் கிலோ, முட்டை 14, மீல்மேக்கர் 200 கிராம், நெத்திலிக் கருவாடு 100 கிராம். சுமாராக 310 ரூபாய் ஆகும்; உங்கள் கடையில் ஐந்து பத்து கூடக் குறைய இருக்கலாம். கையில் காசு குறைவான வாரங்களில் கருவாட்டையும் மீல்மேக்கரையும் விடுங்கள். கடலையையும் கொள்ளையும் விடாதீர்கள்.

ஏன் இவை? அரிசி 100 கிராமில் புரதம் ஏழெட்டு கிராம்தான். நிலக்கடலையில் சுமார் 25, கொள்ளில் 22, மீல்மேக்கரில் 50-க்கும் மேல். பாதாமும் பிஸ்தாவும் இல்லை என்று வருந்த வேண்டியதில்லை. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்து நல்லதுதான், ஆனால் உளுந்தங்களி தினமும் கிண்டினால்தான் இடுப்பு பலப்படும் என்பதெல்லாம் இல்லை. வாரம் ஒரு நாள் களி, ஒரு நாள் இட்லி, மற்ற நாளில் ஒரு கை வறுத்த கடலையும் ஒரு துண்டு வெல்லமும். அவளுக்கு அது போதும். பள்ளி முட்டை தனி.

நீங்கள் இருக்கிற கொங்கு மண்ணிலேயே ஏழைக்கு ஏற்ற சமையல் நிறைய இருக்கிறது. கொள்ளை இரவே ஊறப்போட்டு, காலையில் குக்கரில் ஆறேழு விசில் விடுங்கள். வடித்த தண்ணீரில் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாயோடு வதக்கிக் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. ஒரே அடுப்பில், ஒரே கேஸ் செலவில் இரண்டு பதார்த்தம். இரண்டு வேளைக்கு ஓடும். அப்புறம் அரிசிம்பருப்பு சாதம். உங்கள் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம் பருப்பு, தாளித்த வெங்காயம், தக்காளி, பூண்டு, தட்டிய மிளகு சீரகம், மஞ்சள்தூள், ஏழு டம்ளர் தண்ணீர். குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம். பக்கத்தில் ஒரு முட்டையோ கொஞ்சம் வறுத்த நெத்திலியோ போதும். வாரம் இரண்டு இரவு இதுவே இருக்கட்டும்.

காலையில் உங்களுக்கும் கணவருக்கும் பழைய சோறு. முந்தின இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்து, காலையில் மோர் விட்டு, சின்ன வெங்காயமும் கடலைத் துவையலும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியம் வரை தாங்கும். அடுப்பே பற்றவைக்க வேண்டாம். வர்க்கிக்குக் கொடுக்கிற காசும் மிச்சம். கம்பெனி டீ வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும், இல்லாவிட்டால் சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை டீ தடுத்துவிடும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதே சத்து நன்றாக ஏறும். மாத்திரைக்கும் இதே விதிதான்.

காய்கறிக்கு ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போங்கள். கடை கட்டுகிற நேரம் பார்த்துப் போனால் மலிவாகக் கிடைக்கும். முருங்கைக் கீரை அக்கம்பக்கத்தில் கேட்டாலே ஒடித்துக் கொடுப்பார்கள்; வாரம் மூன்று நாள் ஏதாவது ஒரு கீரை இருக்கட்டும். உங்கள் வீட்டில் கறி சாப்பிடுவீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: மாதம் இரண்டு முறை கோழி ஈரலோ ஆட்டு ரத்தமோ வாங்குங்கள். கறி விலையில் சிறு பங்குதான். ரத்தசோகை இருக்கிற வீட்டுக்கு அதைவிடச் சிறந்த கறி இல்லை. அதில் முதல் கரண்டி உங்களுக்கும் மகளுக்கும்.

கடைசியாகக் கணவரிடம் ஒரு வேண்டுகோள். கொள்ளு ஊறப்போடுவது, கடலை வறுத்துத் தோலி நீக்குவது, பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, குக்கருக்கு விசில் எண்ணுவது எல்லாம் உட்கார்ந்தபடியே செய்கிற வேலைகள். கீழே ஒரு பலகையில் அடுப்பை இறக்கி வைத்தால் சமையலே செய்யலாம், கால் எந்த அளவுக்கு மடக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு எட்டரைக்கு நீங்கள் வரும்போது சாதம் வெந்திருந்தால், நீங்கள் கடைசியாகச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. நால்வரும் ஒன்றாக உட்காருங்கள். பரிமாறும்போதே நான்கு தட்டிலும் போட்டுவிடுங்கள். "மிச்சம் இருந்தால் பார்க்கலாம்" என்ற பேச்சு வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்த எண்ணை மட்டும் எனக்கு எழுதுங்கள். 8-க்குக் கீழே இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மேலே இருந்தால், மாத்திரையோடு எந்த வேளைக்கு எதைச் சாப்பிடலாம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கார்டு வேலை எங்காவது சிக்கினால் அதையும் எழுதுங்கள்.